தொகுதிக்குப் போகிற பஸ்

பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கண்டக்டர், "எங்கம்மா இறங்கணும்?" என்று கேட்டதும் மரகதவல்லி கொஞ்சமும் யோசிக்காமல், "நம்ம கொன்றைக்குளம் தொகுதிக்குத்தான் தம்பி" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பையனுக்கு அது பெரிய வேடிக்கையாகப் போயிற்று. "தொகுதி பூராவும் இறங்க முடியாதேம்மா, ஒரு ஸ்டாப்புதான் இறங்கணும்" என்று சிரித்துக்கொண்டே பாஸைத் திருப்பிக் கொடுத்தான். முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் என்று அதில் போட்டிருந்தது, போட்டோவில் இன்னும் தலை நரைக்கவில்லை. "உங்களுக்கு டிக்கெட் வேண்டாம், எங்க வேணும்னாலும் இறங்கிக்கங்க" என்றவன் பின் சீட்டுக்குப் போய்விட்டான். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்தாள். பஸ் டவுனைத் தாண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டி, காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. எங்கே இறங்க வேண்டும் என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஏதோ ஒரு ஊர், ஏதோ ஒரு வீடு, கட்டாயம் போக வேண்டும் என்று கிளம்பியது வரைக்கும் இருக்கிறது. ஊரும் வீடும் மட்டும் இல்லை. வந்துவிடும், வந்துவிடும், கொஞ்சம் விட்டுப் பிடித்தால் தானாக வந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பக்கத்து சீட்டுக்காரி கையில் டிக்கெட்டை உருட்டிக்கொண்டிருந்தாள். அதில் அவள் இறங்குகிற ஊர் அச்சடித்திருக்கும். காசு கொடுத்து வாங்கியவர்களுக்கெல்லாம் எங்கே போகிறோம் என்று கையிலேயே இருக்கிறது. அரசாங்கம் மரியாதை செய்கிறேன் பேர்வழி என்று அவளுக்கு மட்டும் அது இல்லாமல் செய்துவிட்டது.

போன் வந்தது ஞாபகம் இருக்கிறது. விடிந்தும் விடியாமலும், காபி டம்ளர் கையில் இருக்கும்போது. ஆம்பிளைக் குரல். "அம்மா, நீங்க கட்டாயம் வந்துரணும், தொகுதியில உங்கள விட்டா எங்களுக்கு யாரு இருக்கா" என்று சொன்ன குரல். அதற்குப் பின்னால் ஏதோ சத்தம், பாத்திரம் உருட்டுகிற சத்தமா, மேளமா, யாரோ அழுகிற சத்தமா என்று இப்போது எப்படிப் பிரித்துப் பார்ப்பது? காது அத்தனையையும் ஒன்றாகக் கலக்கி வைத்திருக்கிறது. அந்த போனைக் கையோடு எடுத்து வந்திருந்தால் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கலாம், அது சார்ஜரில் தொங்கிக்கொண்டு சமையலறையில் கிடக்கிறது. பக்கத்து சீட்டுக்காரியிடம் போன் வாங்கி வீட்டுக்குப் பேசலாம்தான். பேசி? 'டேய் செழியா, நான் எங்கடா போறேன்?' என்று கேட்பதா? நல்லாக் கேட்டாள். போன மாதம் கோயிலுக்குப் போனவள் திரும்பும்போது தெரு மாறி நின்றதற்கே மகன் அந்தக் குதி குதித்தான். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அப்புறம் நீ தனியா வாசப்படி தாண்டக் கூடாதும்மா, சொல்லிட்டேன்" என்று அவன் சொன்னபோது மருமகள் நிர்மலா தலையை நிமிர்த்தாமல் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள், அதுதான் அதிகமாக வலித்தது. இன்றைக்குக்கூட, "தொகுதியில ஒரு காரியம், சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன்" என்று அடித்துச் சொல்லித்தான் கிளம்பினாள். அவனும், "போன காரியத்தை ஒழுங்கா முடிச்சிட்டு வா, பாப்போம்" என்று பரீட்சைக்கு அனுப்புகிறவன் குரலில் சொன்னான். அது பரீட்சையேதான். தோற்றால் வாசப்படி. லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்ட தொகுதியில் ஜெயித்தவளுக்கு இனிமேல் வாசப்படிதான் எல்லை.

அவளாக நின்று ஜெயிக்கவில்லை, அது ஊருக்கே தெரியும். அவள் புருஷன் தணிகாசலம் இரண்டு தடவை ஜெயித்த தொகுதி அது. இரண்டாம் தடவை பாதியிலேயே, ஒரு பொதுக்கூட்ட மேடையில், பேச எழுந்தவர் மைக்கைப் பிடித்தபடியே சரிந்தார். மைக் கூச்சலிட்டது, அவர் சத்தமே போடவில்லை. இடைத்தேர்தல் வந்தது. கட்சிக்காரர்கள் வந்து உட்கார்ந்து, "மதினி, நீங்க நிக்கணும், நீங்க கை எடுத்துக் கும்பிட்டாப் போதும், பேசக்கூட வேண்டாம்" என்றார்கள். அப்படித்தான் நின்றாள். பொட்டில்லாத நெற்றியோடு வேனில் நின்று ஊர் ஊராகக் கும்பிட்டாள். அதற்கு முன்னால் அந்தத் தொகுதியை அவள் பார்த்ததே கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொன்றைக்குளத்து வீடும், பிறகு டவுன் வீடும்தான். புருஷன் ராத்திரி வந்து சாப்பிடும்போது சொல்வார். தொகுதியின் முதல் தேர்தலில் மில்காரர் ஒருத்தர் கார் வைத்து ஓட்டுக் கேட்டாராம், ஜனங்கள் காரைப் பார்க்கக் கூடிவிட்டு, மாட்டு வண்டியில் வந்த வாத்தியாருக்கு ஓட்டைப் போட்டார்களாம். அந்த வாத்தியார் சட்டசபையில் ஒரே ஒரு தடவை பேசினாராம், அதுவும் தொகுதிக்கு ஒரு கால்நடை ஆஸ்பத்திரி வேண்டுமென்று. ஆஸ்பத்திரி வந்தது, வாத்தியார் அடுத்த தடவை தோற்றார். இதெல்லாம் யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? அவர் சொல்லி அவள் கேட்டது, அவர் இல்லை, அவளிடமும் இப்போது ஒழுகத் தொடங்கிவிட்டது. மில்காரர் பேர் என்ன? நாக்கு நுனியில் நிற்கிறது. நிற்கட்டும், மில்காரர் எங்கேயும் போய்விடமாட்டார், இறங்குகிற ஊர் போய்விடும்.

பையைத் திறந்து பார்க்கலாமே! அது ஏன் இவ்வளவு நேரம் தோன்றவில்லை? திறந்தாள். ஒரு புதுச் சேலை, தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, மாத்திரை டப்பா. அவ்வளவுதான். சேலை பச்சையில் அரக்குக் கரை, பீரோவிலிருந்து அவளேதான் எடுத்தாள், அந்த அடுக்கு கலைந்தது ஞாபகமிருக்கிறது. கல்யாணம், சடங்கு என்றால் புதுச் சேலையின் முனையில் மஞ்சள் தடவியிருக்கும். கேதத்துக்கு என்றால், செத்தவர்களுக்குப் போர்த்துகிற கோடியென்றால், மஞ்சள் இருக்காது. யாரிடமும் கேட்க வேண்டாம், சேலையே சொல்லிவிடும். மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்து நான்கு முனையையும் தடவிப் பார்த்தாள். மஞ்சள் இல்லை. அப்படியானால் கேதம், ஏதோ ஒரு வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. உடனே இன்னொன்றும் தோன்றியது. மஞ்சள் வைக்க மறந்திருந்தால்? அவள் மஞ்சள் தொட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது, நல்ல காரியத்துக்கு என்றால் நிர்மலாவைக் கூப்பிட்டு வைக்கச் சொல்வதுதான் வழக்கம். கூப்பிட்டாளா? கூப்பிட்டு அவள் குளித்துக்கொண்டிருந்ததால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டுவிட்டாளா? எங்கே போகிறோம் என்பதையே மறந்தவளுக்கு மஞ்சளை மறப்பது ஒரு பெரிய விஷயமா? இதைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. சேலையைப் பழையபடி மடிக்க முயன்றாள், மடிப்பு வரவில்லை, சுருட்டி உள்ளே தள்ளினாள்.

பனையடிப்பட்டி நிறுத்தத்தில் பஸ் நின்றது. ரோட்டை ஒட்டி ஒரு வீட்டு வாசலில் இரண்டு பேர் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள், சாயங்கால விசேஷம் போலிருக்கிறது, பந்தலுக்கு இன்னும் துணிகூடப் போடவில்லை. இதுதானா? அவள் பாதி எழுந்தாள். மஞ்சள் இல்லாத சேலையோடு இந்த வீட்டுக்குள் எப்படிப் போவது? இதுவாக இல்லாமலிருந்தால், முன்னாள் எம்.எல்.ஏ. அழையாத வீட்டில் வந்து நிற்கிறது என்று ஊர் சிரிக்காதா? விசேஷ வீடுகளுக்கும் அவளுக்கும் அப்போதே சரிப்பட்டதில்லை. எம்.எல்.ஏ. தலைமையில் கல்யாணம் என்று பத்திரிகையில் பெரிதாகப் போடுவார்கள், தாலியை எடுத்துக் கொடுக்க வேண்டியவள் அவள். ஆனால் அவள் விதவை. முதல் நாள் ராத்திரியே யாராவது வந்து தலையைச் சொறிந்துகொண்டு, "அம்மா, முகூர்த்தம் ஆறு மணிக்கு, நீங்க சிரமப்பட வேண்டாம், எட்டு மணிக்கு மேல மெதுவா வந்தாப் போதும்" என்பார்கள். அவளுக்குப் புரியும், புரியாத மாதிரி சிரிப்பாள். எட்டு மணிக்குப் போய் எச்சில் இலை எடுக்கிற நேரத்தில் மணமக்களை வாழ்த்துவாள். சாவு வீட்டில் அந்தக் கஷ்டமில்லை, எப்போது போனாலும் இடம் விட்டார்கள். ஒன்றரை வருஷம்கூட இருக்கவில்லை அவள் பதவி, அதற்குள் கல்யாணங்களுக்கெல்லாம் தாமதமாகவும் கேதங்களுக்கெல்லாம் நேரத்துக்கும் போய்வந்தாள். விசில் ஊதியது. அவள் உட்கார்ந்தாள். வாழைமரம் பின்னால் போயிற்று.

அப்புறம் ஆவாரங்காடு, அப்புறம் ஓடைப் பாலம், அதற்கு அப்புறம்... அதற்கு அப்புறம் குருவிநத்தம். அந்த ஊர் பேர் மட்டும் அவளுக்கு மறந்ததே இல்லை, மறந்து தொலைத்தால் தேவலாம் என்று எத்தனையோ தடவை நினைத்ததுண்டு. பிரச்சாரத்தின்போது அந்த ஊருக்குள் வேன் நுழைகையில் ஒரு வீட்டில் சாவு. மைக்கை அணைத்துவிட்டு, "மதினி, இறங்கிப் போய் ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு வந்துருங்க" என்று ஒன்றியச் செயலாளர் சொன்னார். உள்ளே போனாள். புருஷனைப் பறிகொடுத்த சீனியம்மா என்கிற பெண் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள், மரகதவல்லியைவிடக் கொஞ்சம் மூத்தவள். யார் எவர் என்று பார்க்காமல் சீனியம்மா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ, மரகதவல்லிக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த அழுகை. தணிகாசலம் செத்த அன்றைக்கு வீடு நிறையக் கட்சிக்காரர்கள், டிவிக்காரர்கள், அழவே விடவில்லை. அத்தனையையும் முகம் தெரியாத இந்தப் பெண்ணின் தோளில் கொட்டினாள். எவ்வளவு நேரமோ தெரியாது. வெளியிலிருந்து செயலாளர் சைகை காட்டினார், அடுத்த ஊர் காத்திருக்கிறது. எழுந்தாள், முகத்தைத் துடைத்தாள், கை தானாகக் குவிந்தது, வாய் தானாகப் பேசியது. அன்று காலையிலிருந்து ஒவ்வொரு தெருவிலும் சொன்னதைச் சொல்லிற்று. "போயிட்டு வர்றேன்மா, மறந்துறாதீங்க." சாவு வீட்டில் வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல்தான் போவார்கள். பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் அது. இன்னொரு தடவை வருகிறேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றுதானே அர்த்தம்? ஒப்பாரி சட்டென்று நின்றது. ஒரு கிழவர், "என்ன பேச்சு இது" என்று துண்டை உதறினார். சீனியம்மா மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேனில் ஏறிய பிறகு செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார், அந்த ஊர் ஓட்டு போச்சு என்றார். போகத்தான் செய்தது. ஜெயித்த பிறகு நன்றி சொல்ல எல்லா ஊருக்கும் போனவள் குருவிநத்தத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில் மட்டும் வேனை நிறுத்தவிடவில்லை. நாளைக்கு, அடுத்த மாதம், மழைக்குப் பிறகு என்று தள்ளிப்போட்டாள். அதற்குள் தொகுதியைக் கலைத்து, ஊர்களைப் பக்கத்துத் தொகுதிகளுக்குப் பங்கு போட்டுவிட்டார்கள். குருவிநத்தம் தெற்குத் தொகுதியோடு போயிற்று. அப்பாடா, இனி அது நம் ஊர் இல்லை என்று அன்றைக்கு ஒரு நிம்மதி வந்ததே, அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

"பாட்டில் உருளுதும்மா" என்று பக்கத்து சீட்டுக்காரி குனிந்து எடுத்துக் கொடுத்தாள். நாற்பது வயசிருக்கும், விரல் நுனியெல்லாம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி முக்குகிற மருந்துக் கறை. முகத்தைக் கூர்ந்து பார்த்தவள், "நீங்க எங்க பழைய எம்.எல்.ஏ.ம்மாதானே?" என்றாள். "நான் காளீஸ்வரி, உங்களுக்குத் தெரியாது. எங்கம்மா போறீக இந்த வெயில்ல?"

எத்தனையோ பதில் இருந்தது. ஒரு விசேஷம், ஒரு கட்சி வேலை, சும்மா ஊரைப் பார்க்க. மேடையில் ஒன்றும் தெரியாமலே தெரிந்த மாதிரி நின்றவளுக்கு ஒரு பொய் சொல்லவா வராது? ஆனால் பஸ் போய்க்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் கொன்றைக்குளம், அதோடு கடைசி ஸ்டாப். அங்கே எல்லோரும் இறங்கிய பிறகு தனியாக உட்கார்ந்திருந்தால் கண்டக்டர் வந்து கேட்பான், டவுனுக்குப் போன் போகும், செழியன் காரை எடுத்துக்கொண்டு வருவான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எங்க போறேன்னு மறந்து போச்சும்மா" என்றாள் மெதுவாக. "சத்தியமா ஞாபகம் வரமாட்டேங்குது. யாருகிட்டயும் சொல்லிறாத."

காளீஸ்வரி சிரிக்கவில்லை. "அதுக்கு ஏம்மா அழுகுறீக, எனக்கே அடுப்புல என்ன வச்சேன்னு மறந்துருது. பையில என்ன இருக்கு, பாப்போம்" என்று உரிமையோடு பையை வாங்கிச் சேலையை வெளியே எடுத்தாள், அவளும் நான்கு முனையையும் பார்த்தாள். "மஞ்ச வைக்கல. அப்போ கேதத்துக்குத்தான். இந்தத் தடத்துல இன்னைக்கு ஒரே கேதந்தாம்மா, குருவிநத்தத்துல எங்க பெரியம்மா சீனியம்மா தவறிருச்சு. நானும் அதுக்குத்தான் போறேன். ஆபீஸ்ல சொல்லிட்டு அப்படியே ஓடியாரேன்."

சீனியம்மா! மரகதவல்லி சேலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதுதானா? போனில் வந்தது அந்த வீட்டுக் குரல்தானா? ஆமாம் என்று மனசு பாய்ந்து பிடித்துக்கொண்டது, பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்தால் போதும் என்றிருந்தது அதற்கு. ஆமாம், பின்னால் கேட்டது அழுகைதான், பாத்திரமில்லை, மேளமில்லை. அதனால்தான் மஞ்சள் வைக்கவில்லை, மறக்கவில்லை, மறக்கவே இல்லை! குருவிநத்தம் விலக்கில் காளீஸ்வரி கையைப் பிடித்துக்கொள்ள, அவள் ஒரு சின்னப் பிள்ளை மாதிரி இறங்கினாள்.

வீடு அதே வீடு, ஓடு மட்டும் போய் தளம் போட்டிருந்தது. சீனியம்மா வற்றிச் சிறுத்துக் கிடந்தாள். பச்சைச் சேலையைப் போர்த்திவிட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்தபோது பொம்பளைகள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சீனியம்மாவின் மகள் மூக்கைச் சிந்திவிட்டு, "வந்துட்டாக பாரு" என்றாள். கோபமா என்று மரகதவல்லி பயந்துபோய் நிமிர்ந்தாள். கோபமில்லை. "எங்கம்மா சொல்லிக்கிட்டேதான் இருக்கும். அந்தம்மா போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கு, வராம இருக்காதுன்னு. எம்.எல்.ஏ. சொன்னதெல்லாம் நடக்குமாக்கும்னு நாங்க கேலி பண்ணுவோம். ரோடு போடுறேன்னு சொன்னவுக வந்தாகளா, தண்ணி கொண்டாறேன்னவுக வந்தாகளான்னு கேப்போம். அது எங்கூட அழுத பொம்பள, ஓட்டுக் கேக்க வந்தவ இல்லைன்னு சொல்லும்." மரகதவல்லி அதற்கு மேல் கேட்கவில்லை. சீனியம்மாவின் கால்மாட்டில் தலையை வைத்து அழுதாள். இத்தனை வருஷம் தள்ளிப்போட்டதற்கு அழுதாளா, தன்னை ஒருத்தி இவ்வளவு காலம் மறக்காமல் வைத்திருந்ததற்கு அழுதாளா, அவளுக்கே புரியவில்லை. எடுக்கிற நேரத்துக்கு எழுந்தாள். கை குவியப் பார்த்தது. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல் வாசலைத் தாண்டினாள்.

விலக்கு வரைக்கும் காளீஸ்வரி கூட வந்தாள். வெயில் தாழ்ந்துவிட்டது. "நல்ல வேளை வந்தீகம்மா. ஆமா, உங்களுக்கு யாரு தகவல் சொன்னது?" என்று கேட்டாள்.

"போன் வந்துச்சேம்மா. விடியக்காலையில, காபி குடிக்கும்போது."

"விடியக்காலையிலயா?" காளீஸ்வரி நின்றுவிட்டாள். "பெரியம்மா போனதே ஒம்பது மணிக்கு மேலதானம்மா. காலையில எந்திரிச்சு நீராகாரம் குடிச்சிருக்கு. எங்க வீட்ல யாருகிட்டயும் உங்க நம்பரும் கிடையாதே." சொன்ன பிறகு அந்த முகத்தைப் பார்த்தவள், "சரி விடுங்க, யாரோ சொல்லியிருப்பாக" என்று அவசரமாக அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். பஸ் வந்தது. காலையில் வந்த அதே பஸ், அதே பையன்.

அப்படியானால் கூப்பிட்டது யார்? உங்களை விட்டால் யாரு இருக்கா என்று கேட்டானே ஒருத்தன், அவன் எந்த ஊரில் வாசலையும் ரோட்டையும் பார்த்துக்கொண்டு நிற்கிறான்? வடக்கே போன பங்கிலா, கிழக்கே போன பங்கிலா? ஒரு நாற்காலி அவளுக்கென்று போட்டு வைத்திருப்பார்கள், யாராவது உட்காரப் போனால், "அது எம்.எல்.ஏ.ம்மாவுக்கு" என்று எழுப்பிவிடுவார்கள். "போன காரியம் முடிஞ்சுதாம்மா?" என்று செழியன் கேட்பான். முடிஞ்சுது என்று சொல்லலாம், பொய்யில்லை, ஒரு காரியம் முடிந்தது. எந்தக் காரியம் என்று அவன் கேட்கப்போவதில்லை. நாளைக்கும் வாசப்படி தாண்டலாம். ஆனாலும் மனசு ஆறவில்லை. மில்காரர் பேர் அருணாசல நாடார் என்று சம்பந்தமே இல்லாமல் இப்போது வந்து நின்றது. யாருக்கு வேண்டும் அது?

ஓடைப் பாலத்தில் நான்கு பேர் ஏறினார்கள். அவர்களைப் பார்த்து அவள் கை கூப்பினாள், இவர்களாகவும் இருக்கலாம். ஆவாரங்காட்டில் டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்களைக் கும்பிட்டாள். இரண்டு பேர் யாரென்று தெரியாமலே பதிலுக்குக் கும்பிட்டார்கள். கண்டக்டர் பார்த்துக்கொண்டிருந்தான், பார்க்கட்டும். பனையடிப்பட்டியில் பந்தல் முழுசாக எழும்பியிருந்தது, சீரியல் பல்பு எரிந்தது, மேளக்காரர்கள் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வாழைமரத்தடியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் கண்ணுக்கு மேல் கையை வைத்து ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார், டவுனிலிருந்து வருகிற பக்கம். அவர் பார்த்த பக்கத்தில் அவள் இல்லை. இறங்கலாமா? வெறும் பை, அழுது வீங்கிய முகம், சாவு வீட்டுத் தீட்டு வேறு. இறங்குகிறவர்கள் யாருமில்லாமல் பஸ் நிற்காமலே போயிற்று. மரகதவல்லி ஜன்னல் கம்பிக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டி, கேட்கிற தூரமில்லை என்று தெரிந்தும், சத்தமாகவே சொன்னாள்.

"போயிட்டு வர்றேன். மறந்துறாதீங்க."